இசைத்தட்டு விற்ற ஒரு கடையின் வரலாறு

இசைக்கு உருவமில்லை என்பர். ஆயினும் அவ்விசையைத் தட்டாக்கி, உறையிலிட்டு, விலை கூறி விற்ற கடைகள் நம் நாட்டில் பல இருந்தன. அவற்றுள் முன்னணியில் நின்றது சென்னைச் சரஸ்வதி ஸ்டோர்ஸ். ஒரு கடைக்கு வரலாறும் உண்டோ என அன்பர்கள் வினவலாம். பேரேடும் கல்லாப்பெட்டியும் மட்டுமே அதன் கதையாயின், எழுத வேண்டுவதில்லை. இக்கடையின் கதையோ தமிழ்ப் பாட்டின் கதையோடு பின்னிக் கிடப்பது.

காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய கடையில் பிற சரக்குகளோடு கிராமபோன் தட்டுகளும் விற்கப்பட்டன. அவருடைய மைந்தர், 1907இல் பிறந்த மெய்யப்பனார், பிறர் பதித்த தட்டை விற்பதோடு மனநிறைவு கொள்ளவில்லை. 1930களின் தொடக்கத்தில் கூட்டாளிகளுடன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஜெர்மானிய 'ஓடியன்' தட்டுகளைத் தென்னாட்டில் பரப்பும் பொறுப்பை ஏற்றார். பாடகர்களையும் நாடகக் கலைஞர்களையும் அழைத்துப் பாட்டும் உரையாடலும் பதிவு செய்வித்தார். அரக்குக் கலவையாலான அத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். ஒரு நாழிகை விரித்துப் பாட வல்ல வித்துவானும் தம் கலையை அந்த மூன்று நிமிடத்துள் அடக்கியாக வேண்டும்!

நம் திருவனந்தபுரத்துத் தம்பானூர் நிலையம் 1931 நவம்பர் 4ஆம் நாள் திறக்கப்பட்டது. எனவே அக்கடையும் நம் நிலையமும் ஏறக்குறைய ஒரே வயதின. செங்கோட்டைக் கணவாய் கடந்து கொல்லம் வழியாகச் சென்னைச் சரக்கு இங்கு வந்து சேர்ந்த காலம் அது. புகைவண்டி இலாகாவில் எழுதுபவனாகிய எனக்கு இந்த ஒற்றுமை ஒரு தனி மகிழ்ச்சி.

தட்டு விற்ற கை திரைப்படத்தையும் தொட்டது. 1935இல் வெளிவந்த 'அல்லி அர்ஜுனா'வும் 'ரத்னாவளி'யும் கையைச் சுட்டன. மெய்யப்பனார் தளரவில்லை. 1938இல் வந்த 'நந்தகுமார்' படத்தில், நடித்தவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடிய குரல் சேர்க்கப்பட்டது. தமிழ்ப் படத்தில் பின்னணிக் குரல் வேர்விட்ட கதை இது. தட்டின் முன் குரலைத் தனியே பதித்துப் பழகியவருக்கு இது தோன்றியது வியப்பன்று.

இனி, நெஞ்சைத் தொடும் பகுதிக்கு வருவோம். 1921இல் வறுமையில் மறைந்த பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை, பிற்காலத்தில் ஒரு வணிகரிடம் இருந்தது. அதனை மெய்யப்பனார் விலை கொடுத்து வாங்கினார். 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் அப்பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. மறு ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றபோது உரிமைச் சிக்கல் எழுந்தது. அச்சகோதரருள் ஒருவரான அவ்வை சண்முகம் நம் திருவனந்தபுரத்தில் பிறந்தவர் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். மக்கள் கவியின் பாட்டுக்குத் தனியொருவர் உரிமையாளர் ஆகலாமா என்ற கேள்வி தமிழகமெங்கும் கிளம்பிற்று. 1949இல் சென்னை அரசு அவ்வுரிமையை ஏற்றது. மெய்யப்பனார் ஈடு பெறாமலே விட்டுக்கொடுத்தார். பாட்டு மக்களுடையதாயிற்று.

பாட்டு பொதுவாயிற்று, தட்டோ வீட்டுடைமை. சாலைக் கடைவீதியில் வாழ்ந்த என் பாட்டனாரிடம் ஒரு பெட்டி நிறையத் தட்டுகள் இருந்தன. வீட்டைப் புதுப்பித்தபோது, கேட்கக் கருவியில்லையென்று அவற்றைப் பழம்பொருள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டவன் நானே. அவற்றில் யார் யார் பாடியிருந்தனர் என்று இன்று என்னால் சொல்ல இயலவில்லை.

சங்கத்து அன்பர்களே, உங்கள் பரணில் அத்தகைய பெட்டி ஏதேனும் இருப்பின் தூசி தட்டி எடுத்து வாருங்கள். உறையிலும் நடுச்சீட்டிலும் உள்ள பெயர்களையேனும் சங்கம் எழுதி வைக்கட்டும். நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதிருப்பின், இக்கட்டுரை பயன் பெற்றதாகும்.