புறநகர் மனையும் திருமடைவிளாகமும்

மாந்தர் ஈட்டும் பொருள்களுள் இருந்து வாழ்தற்குரிய மனையைப் போல நெஞ்சைப் பிணிப்பது பிறிதொன்றில்லை. பொன்னும் நெல்லும் வந்து போகும் இயல்பின. மனையோ தந்தை வாங்க மைந்தன் வாழப் பெயரன் உரிமை கொண்டாடும் நிலைபேறுடையது. தமிழ்மொழி உயிர் எய்தும் முடிந்த பேற்றையும், குடியிருக்கும் இல்லத்தையும் 'வீடு' என்னும் ஒரு சொல்லாலேயே குறித்தது. அலைச்சல் விடுபட்டு இளைப்பாறும் இடம் என்னும் பொருள் இரண்டிற்கும் ஒக்கும். ஆதலின் மனை கொள்ளுதலைத் தமிழ்மக்கள் வெறும் வாணிகமாகக் கருதினாரல்லர். இறைவன் திருமுன்னர்ச் செய்யும் அறச்செயலாகவே கருதினர். அதன் வரலாற்றைக் கல்வெட்டுகளும் திருத்தொண்டர் புராணமும் இனிது விளக்குகின்றன.

மனையுடையார்க்கே மன்றம்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை வழியே ஊர்வாரியத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை வகுக்கின்றன. வாரியத்திற்கு உரியவன் இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவனாதல் வேண்டும். அம்மட்டோ? தன் சொந்த மனையிலே வீடு கட்டிக் கொண்டு வாழ்பவனாதலும் வேண்டும். ஊரில் தனக்கென ஒரு மனை உடையவனே ஊரின் நன்மை தீமைகளில் பற்றுடையவனாவான் என்பது அக்காலச் சான்றோர் துணிபு. மனை என்பது உரிமை மட்டுமன்று, ஊர்க்கடனும் ஆம் என்பதே அக்கல்வெட்டுகள் உணர்த்தும் பொருள்.

திருக்கோயிலைச் சூழ்ந்த குடியிருப்பு 'திருமடைவிளாகம்' எனப்பட்டது. கோயில் நடுவணாக, வீதிகள் அதனைச் சூழ, தொண்டு செய்வார் அவ்வீதிகளில் வாழ்ந்தனர். தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டு இதற்குத் தலைசிறந்த சான்று. முதலாம் இராசராசன் அத்திருக்கோயிலின் பணிக்கென 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பல தலங்களிலிருந்தும் வருவித்து, ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும், 100 கலம் நெல் தரும் ஒரு பங்கும் அளித்தான். எத்தெரு, எச்சிறகு, தலைவீடா, இரண்டாம் வீடா என்னும் வரிசையோடு, வாழ்வாரின் பெயரும் அவர் வந்த தலத்தின் பெயரும் கல்லிலே எழுதப்பெற்றன. இக்காலத்து வீட்டெண் வரிசைக்கு ஆயிரம் ஆண்டுகட்கு முந்தைய முன்னோடி அது எனலாம்.

சண்டேசுவரர் பெயரால் விலை

சிவன் கோயிலுக்குரிய மனையையும் நிலத்தையும் கொள்ளுதலும் விற்றலும் சண்டேசுவர நாயனார் பெயராலேயே நடைபெற்றன. கோயில் விற்கும் விலை 'சண்டேசுவரப் பெருவிலை' என்றே வழங்கிற்று. திருச்சேய்ஞலூரில் ஆனிரை மேய்த்து, மண்ணியாற்றங்கரையில் மணலாற் சிவலிங்கம் அமைத்துப் பாலாட்டிய விசாரசருமரே, பெருமான் திருவருளால் தொண்டர்க்கெல்லாம் தலைமை பெற்றுச் சண்டேசுவரர் ஆயினார். சிவபெருமான் திருமுன் படைத்தவற்றுக்கு உரிமை பூண்ட அவரே சிவன் சொத்தின் காவலருமானார். மானிடர் எவரும் அச்சொத்திற்குத் தாமே உடையர் எனக் கூறாதவாறு முன்னையோர் அமைத்த காப்பு இது.

சோழர் கால விலையாவணங்களில் கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் என நான்கெல்லையும் கூறப்படும். இசைந்த விலையை ஆவணக்களரியிலே கையிற் பெற்றமை கூறப்படும். இதுவன்றி வேறு ஓலை காட்டப்படாது என்னும் உறுதியும் எழுதப்படும். இன்றும் கிரயப்பத்திரங்களில் நான்கெல்லையைச் 'சக்குபந்தி' என எழுதுதலும், வில்லங்கம் ஏதுமில்லை என உறுதி கூறுதலும் அம்மரபின் தொடர்ச்சியே. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் வந்தபின் ஓலை தாளாயிற்று, ஆவணக்களரி பதிவகமாயிற்று, உட்பொருள் மாறவில்லை.

வீடு எது என வினாவிய அவை

ஆவணத்தின் பெருமையைச் சேக்கிழார் பெருமான் தடுத்தாட்கொண்ட புராணத்தில் அமைத்த திறம் வியக்கத்தக்கது. நம்பியாரூரரின் திருமணப் பந்தரில் முதிய வேதியராய்த் தோன்றிய பெருமான், நம்பியின் பாட்டனார் எழுதிய ஆளோலையைக் காட்டுகின்றார். நம்பி அதனைக் கிழிக்க, மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் உளதென்கின்றார். அவ்வூர் அவையத்தார் மூலவோலையை வாங்கிப் படிப்பிக்கின்றனர். சாட்சிகளின் கையொப்பத்தை ஆராய்கின்றனர். பாட்டனாரின் வேறோர் எழுத்தை வருவித்து ஒப்புநோக்குகின்றனர். தீர விசாரித்த பின்னரே வழக்கில் நம்பி தோற்றார் என முடிவு கூறுகின்றனர்.

அதன்பின் நிகழ்ந்ததே ஈண்டுச் சிந்திக்கற்பாலது. ஓலையில் இவ்வூரினன் என எழுதியுள்ளீர். வழிவழி வாழும் உம் மனை யாது, காட்டுக என அவையத்தார் வேதியரை வினாவினர். அவரோ எவ்வீதியிலும் புகாமல் திருவருட்டுறை என்னும் திருக்கோயிலினுள்ளே புகுந்து மறைந்தருளினார். அனைத்துலகும் உடையான் தன் வீடாகக் காட்டியது திருக்கோயிலையே. ஓர் ஊரில் மனை கொள்வார், அவ்வூரின் முதற் குடியிருப்பாளன் யாவன் என்பதை இதனால் உணர்தல் வேண்டும்.

ஏரி ஊரானது

பழங்காலத்தே கோயில் முந்தியது, வீடு பிந்தியது. இருபதாம் நூற்றாண்டில் இம்முறை மாறத் தொடங்கிற்று. அதற்குச் சென்னையின் தியாகராய நகரே தக்க எடுத்துக்காட்டாகும். நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி ஒன்று மவுண்டு ரோட்டின் மேற்கே இருந்தது. 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்திற்குப்பின், 1923 முதலாக அவ்வேரியின் மாம்பலப் பகுதி வற்றச் செய்யப்பட்டு மனைகளாக வகுக்கப்பெற்றது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் (1852–1925) பெயரை அந்நகர் பெற்றது. முதலமைச்சராய் இருந்த பனகல் அரசரின் பெயரால் நடுவே பூங்கா அமைந்தது. அகன்ற வீதிகளும் தோட்டம் சூழ்ந்த தனிவீடுகளும் கண்டு அரசு அலுவலரும் வழக்கறிஞரும் செல்வரும் அங்கு மனை கொண்டனர். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியபின் புறநகர் வாழ்வு மேலும் எளிதாயிற்று. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, என்னும் அளவே மனை விலையின் பேச்சாயிற்று.

அன்று புறநகராயிருந்தது இன்று நகரின் நடுவாயிற்று. எனினும் நிலம் தன் பழமையை மறப்பதில்லை. மேற்கு மாம்பலத்தில் ஏரியைக் காணாத 'லேக் வியூ ரோடு' இன்றும் உள்ளது. 2015, 2021ஆம் ஆண்டுகளின் பெருமழையில் வெள்ளம் அப்பகுதித் தெருக்களிற் புகுந்து தன் பழைய படுக்கையை நினைவூட்டிற்று. மனையின் முன்னை வரலாற்றை வினவாது விலை ஒன்றையே வினவுதல் போதாது என்பதற்கு இது கண்கூடான பாடம்.

சென்னையைச் சூழ்ந்த வேறு பல பகுதிகளோ பாடல்பெற்ற தலங்களாகவே விளங்குவன. திருவொற்றியூர், திருவலிதாயமாகிய பாடி, திருமுல்லைவாயில், திருவேற்காடு, திருவான்மியூர் என்பன நாயன்மார் திருவடி தோய்ந்த பதிகள். பூசலார் நெஞ்சத்தே கோயில் எடுத்த திருநின்றவூரும் இன்று இரயில் வழியே நகரோடு இணைந்த புறநகர்தான். 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது திருவொற்றியூரும் பாடியும் அதனுள் அடங்கின. இவ்வூர்களில் மனை கொள்வார் பலர் நிலைய அணிமையையும் பள்ளி அணிமையையும் வினாவுவர். ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக அவ்வூரிலேயே வாழும் பெருமானை வினாவுவார் சிலரே. திருக்கோயில் இல்லாத ஊர் ஊரன்று, காடே என்னும் கருத்தை அப்பர் பெருமான் ஆறாம் திருமுறையில் அருளியுள்ளார்.

வெறுங்கை காட்டும் வழிபாடு

ஊர் விரியுந்தோறும் கோயில் நிலத்திற்கு இடையூறும் விரிகின்றது. விளக்கெரிக்கவும் அமுது படைக்கவும் முன்னோர் விட்ட நிலம் வயலாய் இருந்தகாலை அதனை நாடுவார் அரியர். மனையாக மதிப்புற்றபின் நாடுவார் பலர். இது கருதியே 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் தன் 34ஆம் பிரிவில், அந்நிறுவனத்திற்கு இன்றியமையாததெனவோ நன்மை பயப்பதெனவோ கண்டு ஆணையர் இசைவு அளித்தாலன்றிக் கோயில் நிலத்தின் விற்பனை செல்லாது என விதித்தது. அன்று சண்டேசுவரர் பெயரால் நின்ற காப்பே இன்று சட்டத்தின் பெயரால் நிற்கின்றது. 1925இல் இலண்டன் பிரிவி கவுன்சில், திருவுருவம் சட்டத்தின் கண் உரிமையுடைய ஆளாம் எனக் கொண்டதும் நம் மரபிற்கு மாறன்று.

ஆகவே மனை கொள்வார் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் ஆராய்வதோடு, இது தேவதான நிலமோ என்பதையும் ஆராய்தல் கடன். அறியாது வாங்கி, வாழ்நாள் ஈட்டத்தையெல்லாம் இட்டு வீடு கட்டியபின் உண்மை வெளிப்படின், பழி ஒருபாலும் இழப்பு ஒருபாலுமாக அக்குடும்பம் நலிவுறும். சிவன் சொத்து குலநாசம் என்னும் பழமொழி அச்சுறுத்தற்கு எழுந்ததன்று. பிறர் அறத்தை உண்டு வாழும் வாழ்வு வாழ்வாகாது என்னும் அன்புரையே அது.

சிவாலயத்தை வலம் வருவார் சண்டேசுவரர் திருமுன்னில் நின்று இருகைகளையும் மெல்லத் தட்டிக் காட்டுதல் வழக்கம். பெருமான் பொருள் எதனையும் கொண்டு செல்கின்றிலேம் என்பது அதன் கருத்து எனப் பெரியோர் கூறுவர். தூய பொருளால் தூய மனை கொண்டு, அதன் முதற் பயனை ஒரு விளக்காகவேனும் கோயிலுக்கு ஈந்தவர்க்கே அக்கைகளைக் காட்டுங்கால் உள்ளமும் நடுங்காது நிற்கும். குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில் தம் பொருளை ஈந்து விமானமும் கோபுரமும் புதுக்கிய அன்பர்கள், பெருமான் வீட்டைப் புதுக்கித் தம் வீட்டை நிலைபெறச் செய்தவராவர். மாந்தர் கட்டும் வீடு சில தலைமுறைக்கே நிழல் தரும். அவன் தரும் வீடு மீளாத நிழலாம். அவ்வீடும் இவ்வீடும் ஒருங்கே எய்த, எழுந்தருளிய இறைவனும் இறைவியும் அடியார் அனைவர்க்கும் அருள்புரிவார்களாக.

திருச்சிற்றம்பலம்