டாரிஃப் என்னும் சொல்லின் வரலாறு



நாள்தோறும் நம் செவியில் விழும் ஆங்கிலச் சொற்களுள் "டாரிஃப்" என்பதும் ஒன்று. மின்கட்டணச் சீட்டில் அதனைக் காண்கிறோம். தங்கும் விடுதியின் முகப்பிலும் காண்கிறோம். இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கோ அஃது அன்றாடம் புழங்கும் சொல். ஆயினும், "டாரிஃப் என்றால் வரிதானே?" என்று வினவுவோர் பலர். அவ்வினாவிற்கு வரலாற்றின் துணைகொண்டு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இச்சொல் ஆங்கிலத்தில் பிறந்ததன்று. அறிதல் என்னும் பொருளுடைய அரபு வேரினின்று தோன்றிய "தஅரீஃப்" என்பதே இதன் மூலம். "அறிவித்தல்" என்பது அதன் பொருள். மத்தியதரைக் கடல் வணிகரின் வாயிலாக இத்தாலியம் முதலிய மொழிகளிற் புகுந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அஃது ஆங்கிலத்தை அடைந்தது. ஸ்பெயின் நாட்டுத் தாரிஃபா என்னும் துறைமுகத்தின் பெயரால் இச்சொல் வந்தது எனச் சிலர் கூறுவர், அது பொருந்தாது. அவ்வூர் தாரிஃப் என்னும் படைத்தலைவனின் பெயரைப் பெற்றது. நாம் வாழும் ஐதராபாத்தில் உருது பேசுவோர் புதியவரைக் கண்டால், "ஆப் கீ தாரீஃப்?" என்று கேட்பதுண்டு. "தங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்" என்பது அதன் கருத்து. அந்தத் தாரீஃபும் இந்த டாரிஃபும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே!

ஆகவே, இன்ன பொருளுக்கு இன்ன தொகை என்று யாவரும் அறிய முன்னரே அறிவிக்கும் விகிதப் பட்டியலே டாரிஃப் ஆகும். நாளடைவில் பட்டியலின் பெயர் அதிற் கண்ட சுங்கத்திற்கும் வழங்கலாயிற்று. இதனை நம் இலக்கண நூலார் ஆகுபெயர் என்பர்.

சொல் புதிதாயினும் பொருள் நமக்குப் பழையது. திருவள்ளுவர் சுங்கப் பொருளை "உல்கு" என்று குறித்தார். காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் பண்டப் பொதிகளின் மேல் புலி முத்திரை இட்டதனைப் பட்டினப்பாலை காட்டுகிறது. 1070ஆம் ஆண்டில் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன், சுங்கத்தை நீக்கியமையால் "சுங்கம் தவிர்த்த சோழன்" எனப் புகழ்பெற்றான்.

இனி, நாம் குடியேறிய இத்தெலுங்கு நிலத்தின் பெருமையைக் காண்போம். ஓரங்கல்லில் இருந்து ஆண்ட காகதீய மன்னன் கணபதிதேவன், 1244-45இல் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு கல்வெட்டைப் பொறிப்பித்தான். "அபய சாசனம்" என்பது அதன் பெயர். புயலில் அகப்பட்டுக் கரை ஒதுங்கிய கலங்களின் சரக்கு முழுவதையும் அதற்கு முன்னிருந்த அரசர் கவர்ந்துகொள்வது வழக்கம். கணபதிதேவன் அதனை விலக்கி, குறித்த சுங்கமன்றி வேறொன்றும் கொள்ளோம் என உறுதி கூறினான். சந்தனம், கற்பூரம், பன்னீர், யானைத் தந்தம், செம்பு, பட்டு, மிளகு முதலிய பண்டங்களுக்குச் சுங்கம் இவ்வளவு என்பதும் அக்கல்லில் உண்டு. டாரிஃப் என்பதன் உண்மைப் பொருளுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? கடலில் உடைமையை இழக்க அஞ்சிய வணிகனுக்கு அக்கல்லே அபயம் அளித்தது.

அறிவித்த விகிதம் நீதியற்றதாகவும் இருத்தல் கூடும். ஆங்கிலேயர் 1896இல் இறக்குமதித் துணிக்கு மூன்றரை விழுக்காடு சுங்கம் விதித்தனர். லங்காஷயர் ஆலைகளின் நலங்கருதி இந்திய ஆலைத் துணிக்கும் அதே அளவு வரி விதித்தனர். தன் நாட்டில் நெய்த துணிக்கே தண்டம்! இந்தியர் இடைவிடாது எதிர்த்தமையால் 1925இன் இறுதியில் அவ்வரி நிறுத்தப்பெற்றது. அண்மையில், 2025 ஆகஸ்டு மாதம் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின்மேல் சுங்கத்தை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர் வரை கலங்கினர்.

இரயில்வேயில் டாரிஃப் என்பது கட்டண நூலைக் குறிக்கும். பண்டங்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்பெறும். வகுப்பு 100 அடிப்படை. 150 என்றால் அதனினும் பாதி கூடுதல். ஒருவருக்குச் சலுகையும் மற்றவருக்குச் சுமையுமாகக் கட்டணம் வாங்குதல் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடுக்கப்பெற்றது. கட்டணம் பற்றிய முறையீடுகளைக் கேட்க 1949இல் ஏற்பட்ட தனி நடுவர் மன்றம் சென்னையில் இயங்கிற்று. 2017இல் அது மற்றொரு நடுவர் மன்றத்தோடு இணைக்கப்பெற்றது. பட்டியல் வெளிப்படையாக இருக்குமிடத்து, எளியோன் கையேந்த வேண்டுவதில்லை. எழுத்தனும் வளைந்து கொடுக்க வேண்டுவதில்லை.

ஆதலின், சைனிக்புரி வாழ் தமிழ்க் குடும்பத்தீர்! மின்சாரமாயினும் பயணமாயினும், கொடுக்கும் முன் அதன் டாரிஃபைக் கேட்டுப் படியுங்கள். அறிவிப்பது பெறுவோர் கடமை. அறிந்துகொள்வது கொடுப்போர் உரிமை. இதனை நம் சிறாருக்கும் கற்பிப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!