ஃபயர்ஃபாக்ஸ் பெயர்ச் சர்ச்சைகள்

ஃபயர்ஃபாக்ஸ் பெயர்ச் சர்ச்சைகள் என்பவை, மொசில்லா அமைப்பின் இணைய உலாவிக்கு எந்தப் பெயரிடுவது, அப்பெயரை யார் பயன்படுத்தலாம் என்பவை குறித்து 2002 முதல் 2016 வரை நிரலாளர்களிடையே நடந்த விவாதங்கள். கட்டற்ற மென்பொருளின் நிரலை எவரும் படியெடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் பெயருக்கு அந்த உரிமை தானாகக் கிடைப்பதில்லை. இந்த வேறுபாடே சர்ச்சைகளுக்கு அடிப்படை.

பின்னணி

இந்த உலாவியின் முன்னோடி நெட்ஸ்கேப். அந்த நிறுவனம் 1994இல் மொசைக் கம்யூனிகேஷன்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. மொசைக் என்ற உலாவி இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானதால் பெயர் குறித்து எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டில் நிறுவனம் நெட்ஸ்கேப் எனப் பெயர் மாறியது. நிரலாளர்கள் தங்களுக்குள் வேடிக்கையாக வழங்கிய பெயர் மொசில்லா. மொசைக்கை வீழ்த்த வரும் காட்சில்லா என்பது அதன் குறும்பு.

மூன்று பெயர்கள்

புதிய உலாவியின் முதல் சோதனைப் பதிப்பு 2002 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. சாம்பலிலிருந்து மீண்டும் எழும் பறவையின் பெயர் அது. ஆனால் கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளைத் தயாரித்த ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் வர்த்தக முத்திரையுடன் அது மோதியது.

2003 ஏப்ரலில் ஃபயர்பேர்ட் என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. அதாவது நெருப்புப் பறவை. பெயர் மாறியும் பறவை மாறவில்லை. ஆனால் இன்டர்பேஸ் மென்பொருளின் நிரலிலிருந்து 2000இல் பிறந்த ஒரு தரவுத்தளம் ஏற்கெனவே அப்பெயரைப் பெற்றிருந்தது. அதன் ஆதரவாளர்கள் மொசில்லாவுக்கு எதிர்ப்பு மின்னஞ்சல்களை அனுப்பினர். இம்முறை எதிர்த்து நின்றது நிறுவனமன்று, மற்றொரு கட்டற்ற மென்பொருள் குழு. ஊதியமின்றி உழைப்பவர்களுக்குப் பெயரே பெரும் சொத்து என்பதால் அவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது.

2004 பிப்ரவரியில் 0.8 பதிப்புடன் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் வந்தது. நெருப்பு நரி எனப் பொருள்தரும் இச்சொல் சிவப்புப் பாண்டாவின் மற்றொரு பெயர். இமயமலைப் பகுதியில் வாழும் இவ்விலங்கு சிக்கிமின் மாநில விலங்காகும். எனினும் உலாவியின் இலச்சினையில் உலக உருண்டையைச் சுற்றிப் படுத்திருப்பது நரியே. தொடர்ந்த பெயர் மாற்றங்களைக் கேலிசெய்து, ஃபயர்சம்திங் என்ற துணைநிரலும் வந்தது. அதை நிறுவினால் உலாவியின் பெயர் அவ்வப்போது விருப்பம்போல் மாறித் தோன்றும்.

பனியும் நெருப்பும்

டெபியன் என்னும் லினக்சு வழங்கல், கட்டற்ற உரிமம் இல்லாத எதையும் தன் முதன்மைத் தொகுப்பில் சேர்ப்பதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் இலச்சினைக்கு அத்தகைய உரிமம் அப்போது இல்லை. எனவே டெபியன் இலச்சினையை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் பயன்படுத்தியது. பெயரும் இலச்சினையும் பிரிக்கப்படக் கூடாது, நிரலில் செய்யும் மாற்றங்களுக்கு ஒப்புதல் பெற வேண்டும் என்று 2006இல் மொசில்லா வலியுறுத்தியது. பழைய பதிப்புகளிலும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே செய்துவந்த டெபியனுக்கு இது ஏற்புடையதாக இல்லை.

நிரலாளர்களின் விடை நகைச்சுவையானது. நெருப்புக்கு எதிராகப் பனியையும், நரிக்குப் பதிலாகக் கீரி போன்ற உடலமைப்புள்ள வீசல் என்ற விலங்கையும் வைத்து, உலாவிக்கு ஐஸ்வீசல் எனப் பெயரிட்டனர். தண்டர்பேர்ட் அஞ்சல் மென்பொருள் ஐஸ்டவ் ஆனது, அதாவது பனிப்புறா. சீமங்கி ஐஸ்ஏப் ஆனது. குனூ திட்டமும் தன் உலாவிக்கு ஐஸ்வீசல் என்றே பெயரிட்டிருந்ததால், குழப்பம் தவிர்க்க 2007இல் அதை ஐஸ்கேட் என மாற்றிக்கொண்டது. பனி விலங்குகளுக்குள்ளும் பெயர் மோதல் நேர்ந்தது!

தீர்வும் முக்கியத்துவமும்

2016இல் உடன்பாடு ஏற்பட்டு, ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தப் பெயரில் டெபியனுக்குத் திரும்பியது. டெபியனின் மாற்றங்கள் தரத்தைக் குறைப்பதில்லை என மொசில்லா ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டில் தண்டர்பேர்டும் திரும்பியது.

இதில் இரு தரப்பும் பயனரையே காக்க முயன்றன. தீங்கான நிரலைச் சேர்த்து யாரேனும் அதே பெயரில் பரப்பினால் மக்கள் ஏமாறுவர் என்பது மொசில்லாவின் அச்சம். பிழையைத் திருத்த ஒருவரின் அனுமதிக்குக் காத்திருந்தால் மென்பொருள் கட்டற்றதாக இருந்து பயனில்லை என்பது டெபியனின் வாதம். நிரல் திறந்திருந்ததால்தான் டெபியனால் பெயரை விட்டுவிட்டு உலாவியைத் தொடர்ந்து வழங்க முடிந்தது.