காரின் குளிரும் பெட்ரோல் கணக்கும்

காருக்குள் குளிர்ந்த காற்று வீச எரிபொருள் செலவாகிறது என்பதைக் குளிர்சாதனம் அறிமுகமான நாளிலிருந்தே பொறியாளர்கள் அறிந்திருந்தனர். எனினும், அச்செலவைக் குறைக்கும் நுட்பம் வளர்ந்த வேகத்தில், அதை வாங்குவோருக்கு எடுத்துச்சொல்லும் சட்டம் வளரவில்லை என்பதை அமெரிக்கக் கார்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

குளிர்சாதனத்தைத் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தித் தர முதலில் முன்வந்தது பேக்கார்ட் நிறுவனம். 1940ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் இவ்வசதி கிடைத்தது. குளிர்விக்கும் வாயுவை அழுத்திக் குழாய்களில் சுற்றிவரச் செய்யும் கருவியான கம்ப்ரெஸர், எஞ்சினின் சுழற்சியிலிருந்து ஒரு பெல்ட் வழியாக இயங்கியதால், எஞ்சின் தரும் ஆற்றலில் ஒரு பங்கு அதற்கே போயிற்று. அதை ஈடுசெய்யக் கூடுதலாகப் பெட்ரோல் எரிந்தது. கம்ப்ரெஸரை எஞ்சினிலிருந்து துண்டிக்கும் ஏற்பாடு பேக்கார்டில் இல்லாமையால், குளிர் வேண்டாதபோது காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டியிருந்தது. காற்றைக் குளிர்விக்கும் சுருளோ டிக்கியில் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டது.

1950களில் பரவிய மின்காந்தக் கிளட்ச், அதாவது மின்சாரம் பாயும்போது மட்டும் கம்ப்ரெஸரைப் பெல்ட்டின் சுழற்சியோடு இணைக்கும் பொறியமைப்பு, இத்தொல்லையை நீக்கியது. 1980களில், தேவைக்கேற்ப அழுத்தும் அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் கம்ப்ரெஸர்களும் வந்து வீண்செலவை மேலும் குறைத்தன.

1960களின் இறுதியில் அமெரிக்காவில் விற்ற புதிய கார்களில் பாதிக்கும் மேற்பட்டவை குளிர்சாதனம் பெற்றிருந்தன. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975இல் எரிபொருள் சிக்கனத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் மைலேஜைக் கணிக்கும் ஆய்வகச் சோதனைகளில் குளிர்சாதனம் இயக்கப்படவேயில்லை. 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில், வெயிலுக்கு ஈடான விளக்கொளியின் கீழ், குளிர்சாதனத்தை இயக்கி நடத்தும் சோதனையின் முடிவு, 2008 மாதிரி ஆண்டிலிருந்துதான் புதிய கார்களில் ஒட்டப்படும் மைலேஜ் சீட்டின் கணக்கில் சேர்ந்தது.

கடும் வெயிலில், குறிப்பாகக் குறுந்தொலைவுப் பயணங்களில், குளிர்சாதனம் மைலேஜைக் கால் பங்குக்கும் மேல் குறைக்கக்கூடும் என அமெரிக்க எரிசக்தித் துறை தெரிவிக்கிறது. இத்துணைப் பெரிய செலவை விட்டுவிட்டுச் சொல்லப்படும் மைலேஜ் முழு உண்மையாகாது. ஆகவே வெப்ப நாடுகளில் கார் வாங்குவோர், விளம்பரத்தில் காணும் எண் ஏசியை இயக்கி அளந்ததா, அணைத்து அளந்ததா என்று கேட்டறிந்து முடிவு செய்வதே நன்று.