ஐப்பசியில் எங்கே கட்டுவது?

சோழமண்டலக் கரையின் வரலாற்றைப் போர்கள், ஒப்பந்தங்கள், ஆளுநர்கள் வழியாகத்தான் படித்திருக்கிறோம். ஒரே ஒரு கேள்வி வழியாகவும் அதைப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது: ஐப்பசி பிறந்தால் படகை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது?

வரைபடத்தில் காரைக்காலைப் பாருங்கள். வடக்கே கூப்பிடு தூரத்தில் தரங்கம்பாடி, 1620-ல் டேனிஷ்காரர்கள் வந்திறங்கிய ஊர். தெற்கே நாகப்பட்டினம், 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் கையில். நடுவே காரைக்கால், 1739-ல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வாங்கியது. ஒரு நாள் நடையில் மூன்று கொடிகள். ஆனா பெரிய கப்பல் ஒதுங்க ஓர் இடம்கூடக் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் பலகைகளைத் தைத்த சலங்குகள் அலையில் வளைந்து கொடுத்தபடி ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும்.

ஆடி, ஆவணியில் இந்த ஏற்பாடு போதும். ஐப்பசியில் காற்று திரும்பி, வடகிழக்கிலிருந்து கரையை நோக்கி அடிக்கும்போதுதான் சிக்கல். நங்கூரம் அறுந்தால் கப்பல் நேராக மணலில் வந்து மோதும். அதனால் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை இந்தக் கரையை விட்டு விலகியிருப்பதே மாலுமிகளின் வழக்கம்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு சர்வரை எப்போது நிறுத்துவது, அதன் வேலையை எது ஏற்கும் என்று முடிவு செய்யாமல் எதையும் தொடங்க மாட்டோம். பிரெஞ்சுக் கடற்படையின் கதையைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவது அதுதான். படையெடுக்கத் திட்டம் இருந்தது, நிறுத்தி வைக்க இடம் இல்லை.

1746 செப்டம்பரில் லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்தார். அங்கேயே தங்கிப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அக்டோபர் 13 இரவு புயல் வந்தது. கப்பல்கள் மூழ்கின, மிஞ்சியவை பாய்மரம் இழந்து மிதந்தன. ஆங்கிலேயரின் பீரங்கிகள் செய்யாததை ஓர் இரவுக் காற்று செய்து முடித்தது.

அடுத்த போரில் பாடம் இன்னும் தெளிவு. 1758-ல் தாஷே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பல்கள் கடலூர் அருகேயும் நாகப்பட்டினம் அருகேயும் போரிட்டுவிட்டு, செப்டம்பரில் மொரீஷியஸுக்குக் கிளம்பின. பெருங்கடலின் மறுகோடி அது. எதிரே நின்ற போகாக் பம்பாய்க்குப் போனார். அங்கே கப்பலை ஏற்றிப் பழுதுபார்க்க உலர்துறை இருந்தது. டிசம்பரில் லல்லி சென்னையை முற்றுகையிட்டபோது அவருக்கு உதவக் கடலில் ஆளில்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து நின்றதும் முற்றுகை கலைந்தது. தாஷே அந்த ஆண்டு ஒரு முறை வந்து போரிட்டுத் திரும்பினார், அதன்பின் வரவே இல்லை. 1760 ஏப்ரலில் காரைக்கால் வீழ்ந்தது.

ஆங்கிலேயரும் தப்பவில்லை. புதுச்சேரியை முற்றுகையிட்டுக் கரையிலேயே நின்ற அவர்களுடைய கப்பல்களை 1761 ஜனவரி 1 அன்று புயல் தாக்கியது. மூன்று மூழ்கின, மூன்று கரையில் மோதி உடைந்தன. மார்கழி பாதி கடந்த பிறகு வந்த புயல் அது. ஆனா அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளப் பிரெஞ்சுக்காரர்களிடம் அங்கே கப்பல்கள் இல்லை. ஜனவரி 16-ல் புதுச்சேரி சரணடைந்தது. கப்பல்கள் வருவதையும் போவதையும் நாட்குறிப்பில் பல ஆண்டுகள் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே மாதத்தில்தான்.

கடல் ஆபத்து என்றால் கடலுக்குப் பக்கத்திலேயே நிலத்துக்குள் ஒரு நீர்வழி வெட்டலாமே? அதையும் செய்து பார்த்தார்கள். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய், பிறகு பக்கிங்காம் கால்வாயாக நீண்டு, ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஓடியது. உப்பும் விறகும் அதில் மிதந்து சென்னைக்கு வந்தன. தெற்கே வேதாரண்யத்தின் உப்பு, நாகப்பட்டினத்துக்கு வேறொரு கால்வாயில் போனது. இரண்டுக்கும் இடைப்பட்ட காரைக்காலுக்கு அப்படியொன்று கிடைக்கவில்லை. டெல்டாவில் வாய்க்காலுக்குக் குறைவில்லைதான். ஆனால் அவை நெல்லுக்காக வெட்டியவை. ஊருக்கு ஊர் மதகும் தடுப்பும் இருக்கும்போது படகு எங்கே போகும்?

காரைக்காலுக்கு மிஞ்சியது அரசலாறு. காவிரியிலிருந்து பிரிந்து, கும்பகோணம் பக்கமாக வந்து, இங்கே கடலில் சேரும் ஆறு. போர்க்கப்பல் அதற்குள் நுழைய முடியாது, மீன்பிடிப் படகு நுழையும். கடற்படைகளுக்குக் கிடைக்காத ஒதுங்கிடம் சிறு படகுக்குக் கிடைத்தது. இன்றும் காரைக்காலின் மீன்பிடித் துறைமுகம் அந்த ஆற்றின் முகத்துவாரத்தில்தான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்திலும், 2018 நவம்பரில் கஜா போன்ற புயல் வரும்போதும், விசைப்படகுகளுக்குப் போக்கிடம் அதுதான்.

அந்த வாசலைத் திறந்து வைப்பது எது? ஆற்றில் நீர் குறைந்த மாதங்களில் கடலலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் குவிக்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் அதை அறுத்துக்கொண்டு போகும். படகுக்கு வாசல் அவசியப்படுகிற அதே மாதங்களில் ஆறே அதைத் திறந்து விடுகிறது. ஆற்றில் வெள்ளம் வராத ஆண்டில் மணல் அங்கேயே கிடக்கும். தூர்வாரச் சொல்லி மனு எழுத வேண்டியதுதான்.

மழைக்காலம்தோறும் ஒரு தலைப்புச் செய்தி பார்க்கிறோம்: காவிரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது. விவசாயியின் ஆதங்கம் நியாயமானது, நானும் அதை மறுக்கவில்லை. ஆனா 'வீண்' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துத்தான் போட வேண்டும். கடல்வரை வந்து சேரும் அந்த நீர், கடைமடையில் ஒரு வேலை செய்கிறது. தாஷேவுக்கும் லா பூர்தொன்னேவுக்கும் இந்தக் கரை கொடுக்காத ஒன்றை, ஒரு மீனவருக்குக் கொடுக்கிறது. படகைக் கட்ட ஓர் இடம்.