டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: திருத்தங்கள் எழுதிய விதிநூல்கள்

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் முதன்முதலாக அச்சேறி விற்பனைக்கு வந்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் எழுதிய இதை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவாவில் இயங்கிய டிஎஸ்ஆர் நிறுவனம் 1974-இல் வெளியிட்டது. ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சிறு நூல்கள், முதல் அச்சில் 1,000 படிகள். ஆட்டக்காரர்கள் வீரராகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். எடுத்த காரியம் கைகூடுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பகடையில் எந்த எண் விழுந்தால் என்ன நடக்கும் என்று சொல்வதுதான் விதிநூலின் வேலை. அந்த வேலையை முதல் நூல்கள் அரைகுறையாகவே செய்தன. சண்டைக்கு ‘செயின்மெயில்’ என்ற வேறொரு போர் விளையாட்டு நூலையும் புரட்ட வேண்டியிருந்தது.

மறு ஆண்டே ‘கிரேஹாக்’ என்ற இணைப்பு நூல் வந்தது. திருடன் என்ற புதிய பாத்திர வகையை அது சேர்த்தது. அதுவரை கத்தியோ கோடரியோ, காயத்தின் அளவை ஒரே அறுமுகப் பகடைதான் சொல்லிற்று. இனி ஆயுதத்துக்கேற்பப் பகடையும் மாறியது. பெயர்தான் இணைப்பு, உண்மையில் மூல விதியையே அது மாற்றிவிட்டது. இணைப்புகள் பெருகப் பெருக, ஒரே கேள்விக்கு இரண்டு நூல்கள் இரண்டு விடை சொல்லின. 1977 முதல் 1979 வரை கெட்டி அட்டையில் வந்த ‘அட்வான்ஸ்டு’ நூல்கள் மூன்றும் இந்தச் சிதறலை ஓரிடத்தில் திரட்டின. இதில் பணமும் கலந்திருந்தது. புதிய நூல்களுக்கான உரிமத்தொகை கேட்டு ஆர்னசன் 1979-இல் வழக்குத் தொடர்ந்தார். 1981-இல் சமரசம் ஏற்பட்டது.

1989-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது கைகாக்ஸ் நிறுவனத்தில் இல்லை. டேவிட் குக் தலைமையில் உருவான அந்தப் பதிப்பில் கொலையாளி என்ற பாத்திர வகை இடம்பெறவில்லை. எண்பதுகளில் இந்த விளையாட்டைப் பேய் வழிபாடு என்று சாடிய மதக் குழுக்களின் நெருக்கடியால், பேய், பிசாசு என்ற சொற்களும் விலக்கப்பட்டன. நூலின் வடிவத்திலும் ஒரு சோதனை நடந்தது. அரக்கர்களின் விவரங்கள் தனித்தனித் தாள்களாகக் கோப்பில் வந்தன; புதிய தாள் வாங்கினால் அகர வரிசையில் செருகிக்கொள்ளலாம். ஆனால் ஒரே தாளின் முன்னும் பின்னும் வெவ்வேறு அரக்கர்கள் அச்சாகியிருக்க, புதிய தாளை எங்கே செருகுவது? கேட்க அழகான யோசனைதான். 1993-இல் அரக்கர்கள் மீண்டும் கட்டிய புத்தகத்துக்கே திரும்பினார்கள்.

1997-இல் டிஎஸ்ஆரை விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 2000-இல் அது வெளியிட்ட மூன்றாம் பதிப்பு கணக்கையே தலைகீழாக்கியது. முன்பு கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம். இப்போது கூடக் கூட அதிகம். பழைய சாகச நூல்களைக் கணக்கு மாற்றாமல் ஆட முடியாது போயிற்று. கூடவே வந்த திறந்த உரிமத்தின் கீழ் பிறரும் இவ்விதிகளைப் பயன்படுத்தி நூல்கள் வெளியிடலாம் என்றானது. சிறு பதிப்பகங்கள் ஏராளமாக இறங்கின. மூன்றே ஆண்டில் 3.5 என்ற திருத்தப் பதிப்பு வர, பழைய விதிகளை நம்பி அவை அச்சிட்ட நூல்கள் கடைகளில் தேங்கின.

அதே உரிமம் பின்னர் மறுபக்கமும் வெட்டியது. 2008-இல் நான்காம் பதிப்பு முந்தைய விதிகளை ஏறக்குறைய முழுதாகக் கைவிட்டது. கைவிடப்பட்ட 3.5-ஐ அடிப்படையாகக் கொண்டு பைஸோ நிறுவனம் 2009-இல் ‘பாத்ஃபைண்டர்’ விதிநூலை வெளியிட்டு, வலுவான போட்டியாளராக நின்றது. நான்காம் பதிப்புக்கோ இணையத்தில் திருத்தங்கள் அடிக்கடி வந்தன. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் இருப்பது ஒன்று, நடப்பு விதி வேறொன்று. 2012 முதல் ஆட்டக்காரர்களிடமே வெள்ளோட்டம் விட்டுப் பார்த்து உருவாக்கிய ஐந்தாம் பதிப்பு 2014-இல் வெளியானது.

திறந்த உரிமத்தை மாற்ற 2023 ஜனவரியில் நடந்த முயற்சி கடும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டன. 2024-இல் திருத்திய விதிநூல் வந்தபோது புதுப்பதிப்பு எண் எதுவும் தரப்படவில்லை. நிறுவனத்தின் மின்னூல் தளத்தில் பழைய மந்திரங்களின் இடத்தில் புதியவை வரும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழ, சில நாட்களிலேயே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. பழைய விதிகளும் தளத்தில் தொடர்ந்தன.