பாட்டுப்புத்தகத்திலிருந்து திரைக்கு: சேலம், நாமக்கல் பகுதித் தேவாலயங்களும் ஆராதனைக் காட்சி மென்பொருளும்

ஆராதனைக் காட்சி மென்பொருள் என்பது வழிபாட்டின்போது பாடல் வரிகள், திருமறைப் பகுதிகள், அறிவிப்புகள் ஆகியவற்றைப் புரொஜெக்டர் வழியாகவோ பெரிய தொலைக்காட்சித் திரையிலோ காட்ட உதவும் கணினி மென்பொருள் ஆகும். சேலம், நாமக்கல் மாவட்ட நகரங்களில் பீடத்தின் பக்கவாட்டில் திரை வைத்த தேவாலயங்களை இன்று காணலாம். எந்த மென்பொருளை வாங்குவது என்பது புதிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் அதன் உள்ளே இருப்பது பழைய கேள்விதான்: பாடலின் சொற்கள் சபையில் உள்ள எல்லாருக்கும் எப்படிப் போய்ச் சேரும்? இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தந்த விடைகளை வரிசையாகப் பார்க்கிறது.

அச்சும் எழுத்தின் அளவும்

தமிழில் அச்சான தொடக்க நூல்களுள் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. அண்டிரிக் அடிகளாரின் இந்நூல் ஒரு வழிபாட்டு நூலே. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அங்கு அச்சுக்கூடம் அமைத்தார். செருமனியின் ஆலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன. அவை அளவில் மிகப் பெரியவை. காகிதமோ அரிதான பொருள். எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து அச்சுப்பணியைத் தொடர்ந்தனர். எழுத்து பெரிதானால் பக்கத்தில் சொல் குறையும், சிறிதானால் கண்ணுக்கு எட்டாது என்ற சிக்கல் அன்றே தொடங்கிவிட்டது. இன்று திரையில் நாம் காண்பதும் அதே சிக்கல்தான்.

தமிழ்ச் சபைகளில் இருவகைப் பாடல்கள் வழங்கின. மேலைநாட்டு மெட்டில் அமைந்தவை ஞானப்பாட்டுகள் அல்லது பாமாலைகள். கருநாடக இசையில் அமைந்தவை கீர்த்தனைகள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனைகள் எல்லாச் சபைப் பிரிவுகளுக்கும் பொதுச் சொத்தாயின. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-இல் அச்சில் கொண்டுவந்தார். பாடல் எண்ணை அறிவித்ததும் புத்தகத்தைப் புரட்டும் பழக்கம் இத்தகைய தொகுப்புகளால் வேரூன்றியது.

சேலம், நாமக்கல் பகுதியில்

இலண்டன் மிஷனரி சங்கம் 1827-இல் சேலத்தில் பணியைத் தொடங்கியது. அச்சங்கத்தின் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. கத்தோலிக்கரின் சேலம் மறைமாவட்டம் 1930-இல் நிறுவப்பட்டது. நாமக்கல், சேந்தமங்கலம், கொல்லிமலைப் பகுதிகளில் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள் பணியாற்றினர். கொல்லிமலையில் உழைத்து 1929-இல் அங்கேயே மறைந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவருடைய துணைவியார் ஈவ்லினும் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். தொழுநோய் அறுவை மருத்துவத்தில் புகழ்பெற்ற பால் பிராண்ட் அவர்களுடைய மகன். 1914-இல் பிறந்தவர்.

சிற்றூர்ச் சபைகளில் எழுத்தறிந்தவர் சிலரே. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு விகிதம் 18.33 விழுக்காடு. எனவே உபதேசியார் ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவர். பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் கீர்த்தனை மனத்தில் எளிதில் தங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கள் பத்துச் சரணங்களை மனப்பாடமாகப் பாடியது இம்முறையால்தான்.

கத்தோலிக்க ஆலயங்களில் திருப்பலி நெடுங்காலம் இலத்தீனில் நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. அதன்பின் மக்கள் தமிழில் மறுமொழி கூறவும் பாடவும் வேண்டியிருந்ததால், அங்கும் பாடல் நூல்களின் தேவை பெருகியது.

ஓ.எச்.பி. முதல் பவர்பாயிண்ட் வரை

பாடல் வரிகளைச் சுவரில் காட்டும் முறை கணினிக்கு முந்தையது. பள்ளிகளிலும் பயிற்சி நிறுவனங்களிலும் இருந்த ஓ.எச்.பி. என்னும் கருவியில், கண்ணாடி போன்ற தாளில் பேனாவால் எழுதி ஒளி பாய்ச்சினால் எழுத்து சுவரில் பெரிதாகத் தெரியும். எழுதுபவர் கையெழுத்தே எழுத்துரு என்பதால் தமிழுக்கு இதில் எந்தத் தடையும் இல்லை.

பவர்பாயிண்ட் 1987-இல் மேக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. அதே ஆண்டில் அதனை உருவாக்கிய நிறுவனத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது. விண்டோஸ் பதிப்பு 1990-இல் வந்தது. புரொஜெக்டர் விலை குறைந்தபின், நகர ஆலயங்களில் இளைஞர்கள் ஒவ்வொரு பாடலையும் ஸ்லைடுகளாகத் தட்டச்சு செய்து சேமித்தனர். வணிகக் கூட்டத்துக்காக உருவான மென்பொருள் இவ்வாறு வழிபாட்டுக்கு வந்தது. எனினும் அதில் ஒரு குறை உண்டு. முன்கூட்டியே வரிசைப்படுத்திய ஸ்லைடுகள் அந்த வரிசையிலேயே ஓடும். போதகர் திடீரென வேறொரு பாடலைத் தொடங்கினால், கோப்பைத் தேடித் திறப்பதற்குள் முதல் சரணம் முடிந்துவிடும்.

எழுத்துருவால் இழந்த உழைப்பு

தமிழ்ச் சபைகளுக்கு இதைவிடப் பெரிய இடர் எழுத்துருவில் இருந்தது. தொடக்கக் கால எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று காண வேண்டுமானால், ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் தட்டச்ச வேண்டும். கணினி சேமித்து வைப்பதும் அந்த ஆங்கில எழுத்துகளையே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பாடல் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தட்டச்சு செய்த இளைஞர் வேலைக்காக வெளியூர் சென்று, பழைய கணினியும் பழுதானால், பல ஆண்டு உழைப்பு பயனற்றுப் போகும்.

இக்குழப்பத்தைத் தீர்க்க முயற்சிகள் நடந்தன. 1991-இல் வெளியான யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவுடன் யூனிகோடு தமிழ் கிடைத்தது. 2010-இல், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடையும் டேஸ்16-ஐயும் அரசு தன் தரமாக அறிவித்தது.

யூனிகோடு வந்த பிறகும் எல்லா மென்பொருளும் தமிழைச் சரியாகக் காட்டிவிடவில்லை. 'கொ' என்பதில் கணினி முதலில் ககரத்தையும் பிறகு உயிர்க்குறியையும் சேமிக்கிறது. காட்டும்போது அக்குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும். எழுத்துக்கு நடுவே புள்ளி வட்டம் தோன்றும். ஆங்கிலத்தில் அழகாக இயங்கும் மென்பொருள் தமிழில் தடுமாறுவது இதனால்தான்.

ஆராதனைக்கென உருவான மென்பொருள்கள்

பாடல்களைத் தரவுத்தளமாகச் சேமித்து, முதலடியையோ இடையில் வரும் ஒரு சொல்லையோ கொண்டு நொடியில் தேடித் தரும் தனி மென்பொருள்கள் பின்னர் வந்தன. ஈஸிவொர்ஷிப், புரொபிரசன்டர் ஆகியவை விலைக்குக் கிடைப்பவை. ஓபன்சாங், வீடியோசாம், ஓபன்எல்பி ஆகியவை விலையின்றிக் கிடைப்பவை. இவற்றுள் ஓபன்எல்பி 2004-இல் தொடங்கிய திறமூலத் திட்டம். முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட அதன் 2.0 பதிப்பு 2012-இல் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கைபேசியிலிருந்தே பாடலை மாற்றும் வசதி உண்டு. பாடல்களை ஓபன்லிரிக்ஸ் என்ற பொது வடிவில் ஏற்றுமதி செய்யலாம். நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் பாடல்கள் கையில் இருக்கும் என்பதே இதன் பொருள்.

தேர்வுக்கான அளவுகோல்கள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில அளவுகோல்களைப் பெறலாம்.

முதலாவது, தமிழ் சரியாகத் தெரிகிறதா? கொ, கை, கௌ, ஸ்ரீ போன்றவற்றைத் தட்டிப் பார்த்த பின்பே மற்ற வசதிகளைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பாடல்களை வெளியே எடுக்க முடியுமா? எடுக்க முடியாத மென்பொருளில் ஆயிரம் பாடல்களைச் சேர்ப்பது பாமினிக் காலத்துத் தவற்றையே மீண்டும் செய்வதாகும்.

மூன்றாவது, கீர்த்தனையின் அமைப்புக்கு இடம் தருகிறதா? ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவி வர வேண்டும். சில வேளை அனுபல்லவியும் சேர்ந்து வரும். அந்த வரிசையை ஒருமுறை குறித்துவிட்டால் தானாகவே அமைய வேண்டும்.

நான்காவது, கடைசி வரிசையில் இருப்பவர் படிக்க முடிகிறதா? தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு திரையில் நான்கு அடிக்கு மேல் வைத்தால் எழுத்து சுருங்கும். அசையும் பின்னணிப் படங்களைவிட, கருநிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து முதியோர் கண்ணுக்கு உகந்தது.

ஐந்தாவது, விலை. உரிமம் பெறாத நகலைத் தெரிந்தே பயன்படுத்துவது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். வாங்க இயலாத சபைக்கு விலையில்லா மென்பொருள் இருக்கும்போது திருட்டு நகல் தேவையில்லை. பாடல்களைப் பொறுத்தவரை, ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. உண்மையான சமய வழிபாட்டின்போது பாடுவதற்கு அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் அச்சிட்டு விற்பதற்கு அதையே அனுமதியாகக் கொள்ள முடியாது.

திரையும் புத்தகமும்

திரை வந்ததால் தலை நிமிர்ந்து பாட முடிகிறது. புத்தகம் வாங்க இயலாதவரும் புதிதாக வந்தவரும் உடன் பாட முடிகிறது. இழப்பும் உண்டு. பாட்டுப்புத்தகம் வீட்டுக்கு வரும். மாலை ஜெபத்திலும் துக்க வீட்டிலும் கை கொடுக்கும். திரை ஆலயத்திலேயே நின்றுவிடும். 2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலம், மின்சாரத்தை மட்டும் நம்ப முடியாது என்பதைத் தமிழக ஊர்கள் எல்லாவற்றுக்கும் கற்பித்தது.

2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு சேலம் மாவட்டத்தில் சுமார் 73 விழுக்காடு; நாமக்கல் மாவட்டத்தில் சுமார் 75 விழுக்காடு. அதாவது ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத் திரையில் ஓடும் எழுத்து வெறும் கோடுகளே. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும், ஓர் அடியைப் பாடிக் காட்டி மற்றவரைப் பாடவைக்கும் பழைய உபதேசியாரின் முறையைக் கைவிடாத சபையில்தான் பாடல் எல்லாருக்கும் போய்ச் சேர்கிறது.